பொதுக் கரண்டியும் பல கைகளும்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் விடுதிகளில், காலை உணவு என்றாலே இன்று பஃபேதான். செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர்ப் பகுதித் திருமண மண்டபங்களிலும் இலைப் பந்திக்குப் பக்கத்தில், நாமே எடுத்து நின்றபடி உண்ணும் மேசை ஒன்று இடம்பிடித்துவிட்டது. இப்போது அது கடலுக்கும் போயிருக்கிறது. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலாவை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு, 2023 ஜூன் 5 அன்று, அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கான ‘எம்பிரஸ்’ கப்பலின் பயணத்தை ஒன்றிய அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடங்கிவைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஏறக்கூடிய அத்தகைய கப்பலில் மூன்று வேளையும் பொது உணவுக்கூடம்தான்.

இதன் விளைவாகப் புறநோயாளர் பிரிவில் புதிய வினா ஒன்று எழுகிறது. “டாக்டர், பிள்ளைகள் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டார்கள். போகலாமா?” என்று கேட்பவர்களில் நீரிழிவு நோயாளர் உண்டு, சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர் உண்டு, கல்லீரல் சுருக்கத்திற்கு மருந்து உண்பவரும் உண்டு. பெரும்பாலோருக்கு என் விடை, ‘போகலாம்’ என்பதே. ஆனால் ‘எப்படிச் சாப்பிடுவது’ என்பதைச் சொல்லாமல் அந்த விடையைத் தருவது அரைகுறை மருத்துவம். வெளிநோயாளர் நேரத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலாததால் இங்கே விரிவாக எழுதுகிறேன். கப்பலுக்குச் செல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். அடுத்த முகூர்த்தத்திற்கு மண்டபத்திற்குச் செல்லத்தானே போகிறீர்கள்.

கப்பலில் நிகழ்வது என்ன?

பயணக் கப்பல்களில் வாந்தி, வயிற்றுப்போக்கு பரவுவதற்கு முதன்மைக் காரணம் நோரோ வைரஸ் என்னும் நுண்கிருமி. இதன் பெயர் கடலிலிருந்து வந்ததன்று. 1968-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் தொடக்கப் பள்ளி ஒன்றில் மாணவர், ஆசிரியர் ஆகியோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் திடீரென வாந்தியால் வாடினர். அங்கே சேகரித்த மாதிரிகளிலிருந்து 1972-இல் ஆல்பர்ட் கபிக்கியன் என்ற ஆய்வாளர் மின்னணு நுண்ணோக்கியின் வழியே இந்த வைரஸைக் கண்டறிந்தார். ஊரின் பெயரே கிருமியின் பெயராயிற்று.

நமக்கும் இது அந்நியமன்று. 2021 நவம்பரில் கேரளத்தின் வயநாட்டில், பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு நோரோ தொற்று உறுதிசெய்யப்பட்டது செய்தித்தாள்களில் வந்தது. நம் பகுதியில் ‘ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று கடந்து செல்லும் பல நிகழ்வுகளில் பரிசோதனையே செய்யப்படுவதில்லை. ஆகவே பெயரும் வெளியே வருவதில்லை.

அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1975 முதல் கப்பல் துப்புரவுத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அந்நாட்டுத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்து நூற்றுக்கு மதிப்பெண் இடுவர். 85 அல்லது அதற்குக் கீழே பெற்றால் தேர்ச்சியில்லை. பயணிகளிலோ பணியாளரிலோ 3 விழுக்காட்டினருக்கு வயிற்று நோய் கண்டால் அதைப் பொதுவெளியில் அறிவிப்பர். இவ்வளவு கண்காணிப்பு இருப்பதால்தான் கப்பல் நோய்கள் நம் காதுக்கு எட்டுகின்றன. அந்நாட்டில் பதிவாகும் நோரோ பரவல்களில் கப்பல்களின் பங்கு 1 விழுக்காடு மட்டுமே என்று அதே மையம் கூறுகிறது. முதியோர் இல்லங்கள், மருத்துவமனைகள், உணவகங்கள், பள்ளிகள் ஆகியவற்றில்தான் பெரும்பகுதி நிகழ்கிறது. எனவே கப்பலைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஒரே கூட்டம் ஒரே கைப்பிடிகளைப் பல நாள் தொடர்ந்து தொடும் இடம் அது. ஆகவே நமக்கு நல்ல பாடப்புத்தகம்.

இக்கிருமியைப் பற்றி மூன்று செய்திகள் அறிந்தால் மற்றவை தாமே விளங்கும். முதலாவது, நோயுண்டாக்க மிகச் சில துகள்களே போதும். நோயாளரின் மலத்தின் ஒரு சிறு துளியிலோ கோடிக்கணக்கில் இருக்கும். இரண்டாவது, நோய் நின்ற பின்னும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். மூன்றாவதுதான் பலர் அறியாதது. கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்து அழிக்கும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது. ஆகவே உணவுக்கூட வாயிலில் பச்சைப் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு ஆல்கஹால் திரவத்தைத் தேய்த்துக்கொண்டு, கடமை முடிந்தது என்று நுழைவது பெரிதும் பயன்தராது. சோப்பும் ஓடும் நீரும் கிருமியைக் கொல்வதைவிடக் கழுவி வெளியேற்றுகின்றன. 20 நொடி, விரலிடுக்கும் நகக்கண்ணும் உட்பட. கொரோனாக் காலத்தில் நாம் கற்ற ஒரு பழக்கம் இங்கே நம்மைத் தவறான நிம்மதியில் ஆழ்த்துகிறது என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

எந்தக் கை?

2020-இல் ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி, மருத்துவ வல்லுநர்களுடன் இணைந்து எளிய சோதனை ஒன்றைக் காட்டியது. பஃபே உணவுக்கூடம் போன்ற அரங்கில் பத்துப் பேர். அவர்களில் ஒருவரின் கையில் மட்டும், புற ஊதா ஒளியில் மிளிரும் சாயம். அரை மணி நேரம் இயல்பாக எடுத்து உண்டபின் விளக்கை அணைத்துப் பார்த்தபோது, பத்துப் பேர் கையிலும் சாயம், மூவரின் முகத்திலும்கூட. பிறகு உணவைப் பணியாளர் எடுத்துத் தருவது, இடுக்கிகளை அடிக்கடி மாற்றுவது, கைகளை அடிக்கடி கழுவுவது என்று முறையை மாற்றி மீண்டும் செய்தனர். இம்முறை மூவரின் கையில் மட்டுமே. எவர் முகத்திலும் இல்லை. சாயம் உணவில் பூசப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அது சென்றது இடுக்கியின் பிடி, மூடியின் பிடி, குடிநீர்க் குவளை ஆகிய தொடுபொருள்களின் வழியே.

ஜப்பானியர் இடுக்கியால் எடுத்துக் குச்சியால் உண்பவர். நம் வழக்கம் வேறு. அதில் கூடுதலான ஒரு சிக்கல் இருக்கிறது.

நாம் வலக்கையால் பிசைந்து உண்கிறோம். பந்தியில் இது இடரில்லை. பரிமாறுபவரின் கை வேறு, உண்பவரின் கை வேறு; வாளியும் கரண்டியும் இலையைத் தொடுவதில்லை. எச்சில் என்ற கண்டிப்பை நம் பாட்டிமார் எத்தனை கறாராகக் காத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நோய்த்தடுப்பு நோக்கில் பந்தி மிகச் சிறந்த ஏற்பாடு என்றே கருதுகிறேன். பஃபேயில் அந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. இரண்டாம் முறை சோறு எடுக்கச் செல்பவரின் வலக்கையில் சாம்பார். அந்தக் கையால் பொதுக் கரண்டியைப் பிடிப்பது நாகரிகமன்று என்று இடக்கையால் பிடிக்கிறார். வரிசையில் பத்தில் ஒன்பது பேர் அப்படியே செய்கிறார்கள். நற்பண்பு என்றே நினைக்கிறார்கள்.

அந்த இடக்கை எது என்று சற்று எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் கழிவறையில் கழுவப் பயன்படும் கை. உணவுக்கு முன் நாம் வலக்கையை மட்டும் குழாயில் காட்டி நனைத்துவிட்டு அமர்கிறோம். இடக்கையைக் கழுவவேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை, அது உணவைத் தொடாது என்பதால். பந்திக்கென உருவான பழக்கம் பஃபேக்கு வந்தபோது, கழுவப்படாத அந்தக் கையே நூறு பேர் பிடிக்கும் கரண்டியின் கைப்பிடிக்கு வந்துசேர்ந்தது. அந்தப் பிடியைத் தொட்ட மற்றவர், தம் அப்பளத்தை அதே கையால் உடைக்கிறார். குழந்தைக்கு ஒரு வாய் ஊட்டுகிறார்.

ஆகவே, உணவுக்கு முன் இரு கைகளையும் சோப்பிட்டுக் கழுவுங்கள். இக்கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் அது இதுவாகட்டும். இயன்றால் முதல் முறையிலேயே வேண்டியதை எடுத்துக்கொண்டு, பின்னர் ஒருமுறை கை கழுவி, அதன்பின் உண்ணத் தொடங்குங்கள். இடையில் இருக்கும் அந்த ஒரு கழுவல், முன்னால் கரண்டி பிடித்த நூறு பேரையும் உங்கள் வாயிலிருந்து பிரித்து நிறுத்தும். மீண்டும் எடுக்க வேண்டுமாயின் புதுத் தட்டு எடுங்கள். உண்ட தட்டின் விளிம்பில் கரண்டி தட்டிவிட்டுக் குழம்புக்குள் திரும்பும்போது உங்கள் எச்சில் அனைவருக்கும் பரிமாறப்படுகிறது. ‘ஒரு தட்டு கூடுதலாகக் கழுவ வேண்டுமே’ என்று கூச வேண்டாம். கப்பல்களில் புதுத் தட்டே விதி.

கவனிப்பவர்களுக்கு ஒரு சொல். நோயாளரை மேசையில் அமர்த்திவிட்டு, கை கழுவிய ஒருவரே அவருக்கும் எடுத்து வாருங்கள். வரிசையில் நெரிசலும் குறையும். நோயாளரின் கை கரண்டிப் பிடிகளைத் தொடாது. குழந்தைகளைத் தனியே அனுப்பாதீர்கள். எட்டிப் பார்த்து, ஒரு வடையைத் தொட்டுவிட்டு இன்னொன்றை எடுப்பது அவர்கள் இயல்பு.

ஆவியும் பனிக்கட்டியும்

கையால் பரவும் நோய் ஒருபுறம்; உணவிலேயே வளரும் நோய் மறுபுறம். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ‘பாதுகாப்பான உணவுக்கு ஐந்து திறவுகோல்கள்’ என்னும் வழிகாட்டலின்படி, சூடான உணவு 60 பாகை செல்சியஸுக்கு மேலும், குளிர் உணவு 5 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் பாக்டீரியாக்கள் பெருகும். சமைத்ததை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது என்பது பொதுவிதி; 32 பாகைக்கு மேற்பட்ட வெக்கையில் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சித்திரை, வைகாசியில் மாமல்லபுரம் கடற்கரைப் புல்வெளியில் நடக்கும் வரவேற்புக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பாத்திரத்தின் கீழே எரியும் சிறு சுடர், சூடாக வந்த உணவைச் சூடாக வைத்திருக்கவே உதவும். ஆறியதை மீண்டும் சூடாக்கும் வலிமை அதற்கு இல்லை. பாதி நேரம் கடற்காற்றில் அது அணைந்தும் கிடக்கும். மூடியைத் திறக்கும்போது ஆவி எழுகிறதா என்று பாருங்கள். எழவில்லையெனில் அதை விட்டுவிட்டு, கண்ணெதிரே சுட்டுத் தரும் தோசைக்குச் செல்லுங்கள். பஃபேயில் நான் முதலில் தேடுவதும் தோசைக்கல்லைத்தான்.

சோறு குற்றமற்றது என்று நம்புகிறோம். பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் விதைத்துகள்கள் அரிசியில் இயல்பாகவே உண்டு. கொதிநீரிலும் அவை பிழைக்கும். வெந்த சோறோ பிரியாணியோ வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கும். வாந்தியுண்டாக்கும் அந்த நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. மண்டபத்தில் மிஞ்சிய பிரியாணியை இரவு பத்து மணிக்குப் பொட்டலம் கட்டி, காலையில் ‘நன்றாகச் சூடுபண்ணித்தான் சாப்பிட்டோம்’ என்று சொல்லி வருபவர்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவே. தயிர் சாதம் புளிப்பினால் ஓரளவு தப்பிக்கும். தேங்காய்ச் சட்னிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை: அதில் கொதிக்காத நீர், வேகாத தேங்காய், பலமணி நேரக் காத்திருப்பு ஆகிய மூன்றும் சேர்கின்றன. நறுக்கிய பழம், வெள்ளரி, பச்சை முளைப்பயறு ஆகியவை பனிக்கட்டியின்மேல் இல்லாவிடில் நோய் எதிர்ப்புக் குறைந்தோர் தவிர்க்க வேண்டும். வாழைப்பழமும் ஆரஞ்சும் நாமே உரித்துண்பவை. அவற்றை எவரும் அனுபவிக்கலாம். டயாலிசிஸ் நோயாளர்களுக்கு அவற்றின் பொட்டாசியம் வேறு கணக்கு. உங்கள் உணவியலாளர் தந்த அளவை மீற வேண்டாம்.

யாருக்குக் கூடுதல் கவனம்?

உடல்நலமுள்ள இளைஞருக்கு நோரோ என்பது ஒன்று முதல் மூன்று நாள் துன்பம். கீழ்க்காண்போருக்கு அப்படியன்று.

சிறுநீரகம் அல்லது கல்லீரல் மாற்றுப் பெற்றவர்களிடம் இத்தொற்று வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில்கூட நீடிக்கும். இன்னொன்றையும் அறியுங்கள்: வயிற்றுப்போக்கின்போது டாக்ரோலிமஸ் மருந்தின் இரத்த அளவு குறையும் என்று நினைப்பீர்கள்; உண்மையில் அது பெரும்பாலும் உயர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கும். எனவே இரண்டு நாள் வயிற்றுப்போக்கு என்றாலும் மாற்று உறுப்பு மருத்துவரிடம் தெரிவித்து அளவைச் சோதிக்க வேண்டும். மருந்தை நீங்களே நிறுத்தவோ கூட்டவோ கூடாது.

கல்லீரல் சுருக்கம் உள்ளோர் வேகாத அல்லது அரைவேக்காட்டுச் சிப்பி, இறால், நண்டு ஆகியவற்றை அறவே தொடக்கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் பாக்டீரியா அவர்களின் இரத்தத்தில் கலந்து, ஓரிரு நாளிலேயே உயிரைப் பறிக்கக்கூடும். மாமல்லபுரத்து இறால் வறுவலுக்கு நான் எதிரியல்லன்; உள்வரை வெந்து, சூடாகத் தட்டுக்கு வரவேண்டும் என்பதே நிபந்தனை.

கருவுற்ற பெண்கள், கப்பல் பஃபேயில் நமக்குப் புதிதாக அறிமுகமாகும் குளிர்ந்த இறைச்சித் துண்டு, புகையூட்டிய மீன், மென்பாலாடைக்கட்டி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். குளிர்ப்பெட்டியிலும் வளரும் லிஸ்டீரியா கிருமி அவற்றில் இருக்கலாம். அது கருவைத் தாக்கும்.

நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளர்கள் புறப்படுமுன் தம் மருத்துவரிடம் ஒரு வினா கேட்டு, விடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: “வாந்தியும் பேதியும் கண்டால் எந்த மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும்?” மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், நீர்ப்போக்கு மாத்திரைகள், சிலவகை அழுத்த மாத்திரைகள் ஆகியவை நீரிழப்பு வேளையில் தீங்கு செய்யலாம். இன்சுலினையும் ஸ்டீராய்டையும் மாறாகத் திடீரென நிறுத்துவதே தீங்கு. இந்த வேறுபாட்டைக் கடல்நடுவே தொலைபேசி வேலை செய்யாத இடத்தில் கண்டுபிடிக்க முயலக்கூடாது. மேலும், ஆண்டுக்கணக்கில் காலையில் பாண்டபிரசோல் விழுங்குவோர் நம்மிடையே மிகுதி. வயிற்று அமிலம் கிருமிகளுக்கு எதிரான முதற்காவல். அது குறைந்தோருக்குக் குடல் தொற்று எளிதில் வரும். அந்த மாத்திரை இன்னும் தேவையா என்று கேட்பதும் நல்லது.

நோய் கண்டுவிட்டால்

உண்டபின் எவ்வளவு நேரத்தில் தொடங்கியது என்பது எங்களுக்கு நல்ல தடயம். ஆறு மணி நேரத்துக்குள் கடும் வாந்தியெனில் உணவில் முன்பே உருவான நச்சாக இருக்கலாம். 12 முதல் 48 மணி நேரமெனில் நோரோ நினைவுக்கு வரும். ஆகவே உண்டவற்றையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். உடன் உண்ட வேறு யாருக்கு வந்தது என்பதையும் சேர்த்து.

கப்பலில் பலர் நோயை மறைக்கிறார்கள். அறைக்குள்ளேயே இருக்கச் சொல்வார்கள், கொடுத்த பணம் வீண் என்ற அச்சம். அப்படி மறைத்தவர் அடுத்த வேளை உணவுக்கூடத்தில் கரண்டி பிடிக்கும்போது, அவருக்குப் பின்னால் நிற்பவர் வேதிச்சிகிச்சை பெறும் ஒருவராக இருக்கலாம். முதல் வாந்தியிலேயே கப்பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பணியாளர் உணவை அறைக்கே கொணர்வார்கள்.

சிகிச்சையின் நடுவம் இன்றும் உப்புச் சர்க்கரைக் கரைசல்தான். 1971-இல் வங்கதேச அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில், நரம்பு வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இதைக் குடிக்கக் கொடுத்தே காலரா மரணங்களைப் பெரிதும் குறைத்தார். உலக சுகாதார நிறுவன வாய்பாடு என்று உறையில் எழுதிய பொடியை வாங்கி, ஒரு லிட்டர் உறையை ஒரு லிட்டரிலேயே கரைக்க வேண்டும். தம்ளரில் கொஞ்சம் பொடி போடுவது அளவைக் கெடுக்கும். பெரியவர்கள் ஒவ்வொரு பேதிக்கும் ஒரு தம்ளர். வாந்தி இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு. இதய, சிறுநீரக நோயாளர்கள் தமக்குரிய அளவை முன்பே கேட்டுவையுங்கள். நான்கைந்து உறைகள் பயணப் பையில் இருக்கட்டும்.

மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், ஆறு மணி நேரம் சிறுநீர் கழியாமை, மயக்கம், குழந்தை சோர்ந்து படுத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டில் காத்திராதீர்கள். மாற்று உறுப்பு மருந்தை விழுங்கிய ஒரு மணி நேரத்திற்குள் வாந்தியெடுத்தாலும் உடனே அழையுங்கள்.

வீட்டில் வாந்தியைத் துடைப்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, காகிதத்தால் அள்ளிப் பையில் கட்டியபின், வெளுப்பான் கரைசலால் துடைக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் 5 விழுக்காட்டுச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 20 மி.லி. எடுத்து ஒரு லிட்டர் நீரில் கலந்தால் போதும். தரையில் ஐந்து நிமிடமாவது ஈரமாக நிற்கட்டும். வெறும் ஃபினைலை நம்ப வேண்டாம். நோயுற்றவர் வீட்டில் சமைப்பவராயின், குணமான பின்னும் 48 மணி நேரம் அடுப்படிக்கு வராதிருக்க வேண்டும். இந்த 48 மணி நேரம், நோய் தொடங்கிய வேளையிலிருந்து அன்று, கடைசி வாந்தியோ பேதியோ நின்ற வேளையிலிருந்து எண்ணப்படுவது.